எஞ்சின் மாற்றம்: லேத் கூலிக்குப் பின்னால் வரும் பில்

கேள்வி இது: வேலூர் சத்துவாச்சாரியில் ஒருவரிடம் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் கார் இருக்கிறது, எஞ்சின் ஓய்ந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் 1.6 லிட்டர் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். கியர்பாக்ஸ் பழையதே இருக்கட்டும். அடாப்டர் பிளேட், மவுண்ட், மேனிஃபோல்டு எல்லாவற்றையும் ராணிப்பேட்டைப் பக்கம் லேத்திலும் வெல்டிங்கிலும் செய்துகொண்டால் பாதிச் செலவில் முடியுமா?

முடியாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்குதான். லேத்துக்காரர் சொல்லும் தொகை உண்மையானதுதான், அவர் ஏமாற்றவில்லை. ஆனால் அது அந்த ஒரு பாகத்தின் விலை. அந்தப் பாகம் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கும் நாலு பாகங்களை அசைத்துவிடும். அவற்றின் விலையை யாரும் முதலிலேயே சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் யாரிடமும் நீங்கள் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இரும்பை வெட்டும் முன் காகிதத்தைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ₹5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி வேலூரின் டி.என்.23 ஆனாலும் ராணிப்பேட்டையின் டி.என்.73 ஆனாலும் பதினைந்து வருடம் தாண்டிய கார் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் பார்ப்பார். ஆகவே முதல் செலவு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், இந்த எஞ்சினை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்பது. வாயால் சொல்லும் 'பார்த்துக்கலாம் சார்' அனுமதி ஆகாது.

இங்கேயே இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். அம்பாசடரில் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை ஐந்து கியர் பெட்டியோடு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1990களின் தொடக்கத்தில் தானே போட்டு விற்றது. கான்டெஸாவிலும் அதே எஞ்சின் வந்தது. மவுண்ட், கிளட்ச், ஷாஃப்ட், சைலன்சர் எல்லாம் கம்பெனி யோசித்து முடித்தவை. காயலான் கடையில் அந்த வண்டி ஒன்று முழுதாக அகப்பட்டால் எஞ்சின், கியர்பாக்ஸ், மவுண்ட், கிராஸ் மெம்பர், ஷாஃப்ட், பெடல் இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே கொத்தாக வாங்குவது, நீங்கள் சொல்லும் வழியைவிட மலிவு. ஆர்.டி.ஓ.விடம் பேசவும் இடமிருக்கும். எஞ்சின் மட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

சரி, வேறு எஞ்சின்தான் என்று முடிவானால் முதலில் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். இங்கே 2003 வரை விற்கப்பட்ட முதல் தலைமுறை சிட்டி காரில் வந்த ஹோண்டா டி வரிசை எஞ்சின்கள் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. அதைப் பின்சக்கர வண்டியின் கியர்பாக்ஸில் கோத்தால் முன்னுக்கு ஒரு கியரும் பின்னுக்கு நாலு கியரும் கிடைக்கும்.

இனி அடாப்டர் பிளேட். பார்க்க வெறும் தகடு. எஞ்சின் பிளாக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸின் முன்னால் கிளட்ச்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு) நடுவே வருவது; 6061 அல்லது 6082 அலுமினியத்தில் 16 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். 450-க்கு 450 மி.மீ. சதுரத் துண்டு ஏறக்குறைய 8.7 கிலோ எடை. வெட்டி முடித்தபின் கையில் நிற்பது அதில் ஒரு பங்குதான். மீதி சீவலாகப் போகும். நீங்கள் காசு கொடுப்பது முழுத் துண்டுக்கு. இது சின்ன விஷயம். பெரிய விஷயம் அந்த 16 மி.மீ.

கியர்பாக்ஸ் 16 மி.மீ. பின்னால் போகிறது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டின் நுனி, அதைத் தாங்குவதற்காக எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கில் இருக்கும் பைலட் புஷ்ஷை எட்டாது. நீளமான புஷ் அல்லது இடையில் ஒரு ஸ்லீவ் கடைய வேண்டும். கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன் (நடுத்துளையின் பல்வரிசை) முழு நீளத்துக்கும் ஷாஃப்ட்டில் ஏறாது. ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டின் விரல்களிலிருந்து 16 மி.மீ. தள்ளிப்போகும், அதற்கு ஃபோர்க் பிவட்டை நகர்த்த வேண்டும் அல்லது பேரிங் கேரியரை நீட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் பழைய பெல் ஹவுசிங்கில் மாட்டுவதாக இருந்தால், ஃப்ளைவீலின் ரிங் கியர் எஞ்சினோடு முன்னாலேயே நிற்க, ஸ்டார்ட்டர் மட்டும் பின்னால் போய்விடும். பினியன் பாதிப் பல்லில் கடித்து, ஒரு மாதத்தில் ரிங் கியரைத் தின்றுவிடும். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 16 மி.மீ. குறைய வேண்டும். கியர்பாக்ஸ் பின் மவுண்ட்டின் துளைகள் நகரும். கியர் ராடுகளின் நீளமும் மாறும். ஒரு தகடு, ஏழு வேலை. லேத்துக்காரரிடம் நீங்கள் விலை கேட்டது தகட்டுக்கு மட்டும்.

அடுத்தது மையம். கிராங்கின் மையமும் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜைக் கிராங்கில் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் துளையைச் சுற்றவிட்டால் முள்ளின் மொத்த ஓட்டம் 0.12 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். அதாவது உண்மையான விலகல் 0.06 மி.மீ. தலைமுடியின் தடிமனுக்கு உட்பட்ட அளவு இது. டேப் வைத்து அளந்தோ கார்ட்போர்டில் அச்சு எடுத்தோ அதைப் பிடிக்க முடியாது. விலகல் அதிகமானால் உடனே எதுவும் உடையாது, அதுதான் தொந்தரவு. முதலில் கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் போடும்போது உரசும். பிறகு பைலட் புஷ் நீள்வட்டமாகத் தேயும். பிறகு கியர்பாக்ஸ் முன் பேரிங் ஊளையிடும். மூன்று முறை கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய பிறகுதான் தகட்டின் மேல் சந்தேகம் வரும்.

சாதாரணப் பட்டறையிலேயே இதைச் சரியாகச் செய்ய ஒரு முறை உண்டு. எஞ்சினை மூக்கு கீழே இருக்கும்படி, கிராங்க் செங்குத்தாக நிறுத்துங்கள்; படுக்கவைத்துச் செய்தால் பெல் ஹவுசிங்கின் எடையே அதைக் கீழே இழுக்கும். தகட்டை எஞ்சின் பக்க டோவல் பின்களில் (இடம் பிசகாமல் நிறுத்தும் முளைகள்) உட்காரவைத்து இறுக்குங்கள். பெல் ஹவுசிங்கைத் தகட்டின் மேல் வைத்து போல்ட்டுகளை லேசாகப் பிடியுங்கள். கிராங்கில் டயல் கேஜ் மாட்டிச் சுற்றிப் பார்த்து, மரச் சுத்தியால் தட்டித் தட்டி முள் 0.10-க்குள் அடங்கும்வரை நகர்த்துங்கள். இறுக்கி, மறுபடி பாருங்கள், இறுக்கும்போது நகரும். அடங்கியதும் பெல் ஹவுசிங் வழியாகவே தகட்டில் இரண்டு டோவல் துளை போட்டு, துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் 12 மி.மீ. எச்7 ரீமர் ஓட்டி, டோவல் பின்னை அடியுங்கள். போல்ட் இறுக்க மட்டுமே உதவும். அதன் துளையில் இடைவெளி இருப்பதால் இடத்தைப் பிடிக்காது, இடத்தைப் பிடிப்பது டோவல். டோவல் இல்லாமல் 'எட்டு போல்ட் இருக்கே, போதும்' என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வந்துவிடுங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பெல் ஹவுசிங் கியர்பாக்ஸோடு ஒரே வார்ப்பாக இருந்தால் உள்துளையை அளக்க கியர்பாக்ஸை முழுக்கப் பிரித்து வெறும் கூட்டை வைக்க வேண்டும். பிரித்தபின் பழைய கேஸ்கெட், சீல், சின்க்ரோ ரிங் எதையும் அப்படியே திரும்பப் போட மனசு வராது. டயல் கேஜ், காந்த ஸ்டாண்டு, ரீமர், டிரான்ஸ்ஃபர் பஞ்ச் எல்லாம் ஒரே ஒரு வேலைக்காக வாங்கும் கருவிகள். இரவல் கிடைத்தால் வாங்காதீர்கள்.

பைலட் புஷ்ஷைப் பித்தளையில் கடைந்து கொடுப்பார்கள். வேண்டாம். எண்ணெய் ஊறிய சின்டர்டு வெண்கலம் கேளுங்கள். அதன் உள்துளையைக் கூர்மையான டூலால் கடைய வேண்டும்; ரீமர் ஓட்டினால் நுண்துளைகள் மூடிக்கொண்டு எண்ணெய் வெளிவராது. அழுத்தி ஏற்றும்போது உள்துளை சற்றுச் சுருங்கும், அதற்கும் இடம் விட்டுக் கடைய வேண்டும்.

ஃப்ளைவீலை மட்டும் சொந்தமாகச் செய்யாதீர்கள். எஞ்சினுக்கு உரிய ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் வைத்துக்கொண்டு, உங்கள் கியர்பாக்ஸ் ஸ்ப்ளைனுக்குப் பொருந்தும் கிளட்ச் பிளேட்டை அதே விட்டத்தில் வேறு வண்டியின் பாகமாகத் தேடுங்கள். பழைய ஷாஃப்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஸ்ப்ளைன் எண்ணிக்கை பார்த்து வாங்கினால் ஒரு நாள் போகும், அவ்வளவுதான். ஒரு பிளேட்டின் நடுவை அறுத்து இன்னொன்றின் ஹப்பை ரிவெட் அடித்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பேலன்ஸ் தவறி 4,000 சுற்றில் ரிவெட் விட்டால் பெல் ஹவுசிங்கைப் பிளந்துகொண்டு வரும், டிரைவரின் கால் அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்துப் பட்டறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ராணிப்பேட்டையில் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையும் சிப்காட் தொழிற்பேட்டையும் இருப்பதால் நல்ல வெல்டருக்கும் மில்லிங் மெஷினுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் பழகியிருப்பது கம்பெனி ஆர்டருக்கு, ஒரே பாகம் நூற்றுக்கணக்கில். உங்கள் ஒற்றைப் பீஸுக்கு மெஷினில் செட்டிங் செய்ய இரண்டு மணி நேரம், வெட்ட இருபது நிமிடம். காசு போவது செட்டிங்குக்கு. அதனால் ஒரே செட்டிங்கில் இரண்டு பீஸ் போடச் சொல்லுங்கள். இரண்டாவதுக்கு உலோகத்தின் விலையும் கொஞ்சம் கூலியும்தான் ஆகும். கம்பெனி வேலை வந்தால் உங்கள் பீஸ் மேஜைக்குக் கீழே போகும். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் பக்கத்தில் கொடுத்தால் தேதியை எதிர்பார்க்க வேண்டாம். அதுவரை பிரித்துப் போட்ட வண்டி யாருடைய ஷெட்டில், என்ன வாடகைக்கு நிற்கிறது? சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைச் சொன்ன பழைய வழக்கில், எஞ்சின் இல்லாத காரையும் சேர்த்துக்கொள்ளலாம். நகரத்தில் பல ஷெட்டுகளில் நிற்கின்றன.

நட்டு போல்ட்டும் இங்கே ஒரு தலைவலி. அம்பாசடரின் பழைய எஞ்சின் பிரிட்டிஷ் பி.எம்.சி. கம்பெனி வம்சம், மரைகள் அங்குல அளவான யூ.என்.எஃப். புது எஞ்சின் மெட்ரிக். ஆக உங்கள் தகட்டில் ஒரு பக்கம் எம்10, 1.25 பிட்ச், மறுபக்கம் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 3/8 போல்ட் எம்10 துளையில் தொளதொளவென்று பிடித்து, இறுக்கும்போது மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி டப்பா வைத்து, தகட்டின் இரு முகத்திலும் அளவை எழுதிவையுங்கள். 10.9 தரத்தில் சரியான நீளத்தில் பைன் பிட்ச் போல்ட் உள்ளூரில் எப்போதும் கிடைக்காது. ஒரு போல்ட்டுக்காகப் போக வர 270 கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்கு ஓடினால் அந்த போல்ட்டின் விலை என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பட்டியல் முழுதாகத் தயாராகும்வரை பயணம் கிளம்பாதீர்கள்.

மவுண்ட்டுகளைத் தாராளமாக நீங்களே செய்யலாம். கையால் செய்து லாபம் பார்க்கும் பாகம் அது ஒன்றுதான். ஆனால் ரப்பர் புஷ் மட்டும் எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஏதோ ஒரு வண்டியினுடையதாக இருக்கட்டும். அதைச் சுற்றி 6 மி.மீ. தகட்டில் பிராக்கெட் கட்டுங்கள். எஞ்சினைச் செயினில் தொங்கவிட்டு இடம் பார்க்கும்போது ஃபேன், ஸ்டியரிங் ராடு, சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) எதற்கும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வேண்டும், ஏனென்றால் ரப்பரின் மேல் எஞ்சின் ஆடும். முதலில் அட்டை, பிறகு 3 மி.மீ. தகட்டில் டேக் வெல்டிங், கடைசியில்தான் 6 மி.மீ. மூன்று முறை செய்கிறீர்கள் என்று முதலிலேயே கணக்கில் எழுதுங்கள். வெல்டிங் சூட்டில் துளை ஒன்றிரண்டு மி.மீ. இழுத்துக்கொள்ளும், அதனால் துளையைச் சிறிதாகப் போட்டு, வெல்டிங் முடிந்தபின் பெரிதாக்குங்கள். பிராக்கெட் உட்காரும் பாடி ரெயில் மெல்லிய பெட்டி. நேராக போல்ட் போட்டு இறுக்கினால் நசுங்கும். உள்ளே ஒரு குழாய்த் துண்டும், வெளியே 3 மி.மீ. பேட்ச் தகடும் வேண்டும். பாடியில் ஆர்க் அடிக்கும் முன் பேட்டரியையும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈ.சி.எம்.மையும் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங்குகள் வழியாகப் போய் அவற்றில் குழி விழும்.

சம்ப்பை வெட்டி ஒட்டுவது எளிய தகர வேலை போலத் தெரியும். தவறினால் முழு எஞ்சினே போகும். உறிஞ்சு குழாயின் வாய் அடித்தட்டிலிருந்து 6 முதல் 10 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஒட்டினால் உறிஞ்சாது, தூக்கினால் வளைவில் காற்றை உறிஞ்சும். உள்ளே தடுப்புத் தகடு வைக்காமல் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், பிரஷர் விளக்கு மின்னும், மெயின் பேரிங் அங்கேயே முடிந்துவிடும். ஒழுகலைப் பார்க்க வெளிப்பக்க வெல்டிங்கின் மேல் சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். ஊசித்துளை இருந்தால் காலையில் சுண்ணாம்பில் ஈரக்கோடு தெரியும். அலுமினிய வார்ப்பு சம்ப் என்றால் வெட்டவே வேண்டாம். அதில் ஊறிய எண்ணெய் வெல்டிங்கில் குமிழ்விட்டுக்கொண்டே இருக்கும்.

புகை வெளியேறும் மேனிஃபோல்டில், எஞ்சினோடு இறுக்கும் ஃபிளான்ஜ் 10 முதல் 12 மி.மீ. தகடு. பைப்புகளை ஒட்டும்போது வாழைப்பழம் போல வளையும். பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றையோ தடித்த இரும்புப் பலகையையோ காயலான் கடையில் எடுத்து, அதில் இறுக்கி வைத்து வெல்டிங் செய்யுங்கள், ஆறும்வரை கழற்றாதீர்கள், பிறகு சர்ஃபேஸ் கிரைண்டிங். ஸ்டெய்ன்லெஸ் 304 பளபளப்பாக இருக்கும், ஆனால் சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். நெகிழ இடம் கொடுக்காமல் கட்டினால் இணைப்பில் விரிசல். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் ஊசிமுனை ஒழுகல் இருந்தாலும் அது வெளிக்காற்றை இழுக்கும், சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று சொல்லும், ஈ.சி.எம். அதிகம் ஊற்றும். மைலேஜ் விழுந்ததற்கு நீங்கள் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்துகொண்டிருப்பீர்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் குறைக்கும்போது இரு முனை யோக்குகளும் (இணைப்புக் கவைகள்) ஒரே தளத்தில் நிற்க வேண்டும். அறுக்கும் முன் குழாய் நெடுக ஒரு கோடு கீறிவிட்டால் தப்பாது. லேத்தில் ஏற்றி ஒட்டி, பேலன்சிங் மெஷினில் சுற்றியே வாங்குங்கள். ஸ்ப்ளைனில் 20 முதல் 25 மி.மீ. உள்ளே போக இடம் விடுங்கள். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாஃப்ட்டும் நகரும். ஒட்டியபின் அதிர்வு வந்தால், ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒரு முறை என்றால் பேலன்ஸ், இரு முறை என்றால் யோக் திருகல் அல்லது கோணம்.

வயரிங்கில் நீங்களே 'செய்ய' ஒன்றுமில்லை, ஆனால் அங்கேதான் பலரின் பணம் தீர்கிறது. இம்மொபிலைசர் (வேறு சாவியில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் திருட்டுத் தடுப்பு) உள்ள எஞ்சின் என்றால் சாவி, ஈ.சி.எம்., இம்மொபிலைசர் பெட்டி மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். முழு ஹார்னஸையும் (வயர்க் கட்டு) அறுக்காமல் எடுங்கள். கனெக்டருக்கு அரை அடி விட்டு அறுத்துத் தரும் எஞ்சினின் விலை மலிவு, எலக்ட்ரீஷியனின் கூலி அல்ல. பெட்ரோல் லைன் கார்ப்பரேட்டருக்கு வந்தது. இன்ஜெக்‌ஷனுக்கு மூன்று பார் அழுத்தம். ஹோஸ், கிளாம்ப், பம்ப், திரும்பும் லைன் எல்லாம் புதிது. இதில் மிச்சம் பிடிப்பது நெருப்போடு விளையாடுவது.

ரேடியேட்டரை வேலூர் வெயிலுக்குக் கணக்குப் போடுங்கள். மே மாதம் மதியம், ஏ.சி. இல்லாமலேயே, கிரீன் சர்க்கிள் நெரிசலில் இருபது நிமிடம் நின்று ஊசி ஏறாமல் இருந்தால் சரி. ஒரு பார் அழுத்த மூடி கொதிநிலையை ஏறக்குறைய 20 டிகிரி உயர்த்தும். பழைய தளர்ந்த மூடியைப் போட்டுவிட்டு ரேடியேட்டரைக் குறை சொல்பவர்கள் நிறைய. ஹோஸை வளைவுக்கு ஏற்ப மூன்று துண்டு ஒட்டிப் போடாதீர்கள். அந்த வளைவில் ஏதோ ஒரு வண்டியின் ஹோஸ் இருக்கும், கடைக்காரரின் ஆணியில் தொங்குவதைப் பார்த்து எடுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். லேத், மில்லிங், வெல்டிங் மூன்றுக்கும் உங்களுக்குச் சொல்லப்பட்டது உதாரணத்துக்கு ₹20,000 என்றால், நான் ₹60,000 என்று எழுதுவேன்: ஒரு பங்கு முதல் முயற்சிக்கு, ஒரு பங்கு திருத்தங்களுக்கு, ஒரு பங்கு அந்தப் பாகங்கள் அசைத்த மற்றவற்றுக்கு. கருவி, போக்குவரத்து, ஷெட் வாடகை அதற்கு வெளியே. பிரேக்கையும் வெளியே தனியாக எழுதுங்கள். பழைய டிரம் பிரேக்கோடு புது வேகத்தில் ஓட்டக்கூடாது. இதையெல்லாம் கூட்டிய தொகை, பழைய 1489 எஞ்சினுக்கு போர் செய்து, புது பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை பார்ப்பதைவிட எத்தனை மடங்கு என்று ஒரு எஞ்சின் ரீபோரிங் பட்டறையில் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

இன்னமும் செய்வதென்றால் வரிசை முக்கியம். எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச், ஸ்டார்ட்டர் நாலையும் தரையில் கோத்து, கிளட்ச் விடுவதையும் ஸ்டார்ட்டர் கடிப்பதையும் பார்த்த பிறகே வண்டிக்குள் ஏற்றுங்கள். மவுண்ட் முடிவாகும்வரை மேனிஃபோல்டு, ஷாஃப்ட், ஹோஸ் எதற்கும் அளவு எடுக்கக்கூடாது. எஞ்சினை 10 மி.மீ. நகர்த்தினால் அந்த மூன்றும் மறுபடி செய்ய வேண்டியவை. செய்யும் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவோடு ஒரு வரைபடம், வாங்கும் ஒவ்வொன்றுக்கும் எந்த வண்டியின் பாகம் என்ற குறிப்பு, ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் போடுங்கள். இரவு பதினொரு மணிக்குப் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் ஃபேன் பெல்ட் அறுந்தால், வருகிற மெக்கானிக் முதலில் கேட்பது 'இது எந்த வண்டி பெல்ட்?' என்றுதான்.

முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் மவுண்ட் போல்ட், அடாப்டர் போல்ட், ஷாஃப்ட் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். பிராக்கெட் வெல்டிங்கின் ஓரங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விரிசலைக் காட்டும் சாயமான டை பெனட்ரன்ட் அடித்துப் பாருங்கள். விரிசல் முதலில் வருவது வெல்டிங்கின் நடுவில் அல்ல, அது தகட்டைத் தொடும் ஓரத்தில்.